சீட்டில் சீனி என்று போடவில்லை

மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது ஒரு பட்டியல். நம் காரைக்குடிப் பக்கத்தில் சாப்பாட்டுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் வழங்கிவந்த சொற்களை எழுதி, எதிரே பொருள் போட்டுத் தரவேண்டும். இருநூறு சொற்கள் இருந்தால் நான்கு பக்கம் நிறையும் என்றார்கள். எண்ணிக்கை சொன்னதால் ஒப்புக்கொண்டேன். எண்ணிக்கை சொல்லாத வேலையை நான் தொடுவதில்லை என்பது என்னோடு ஒரே அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதற்காக என்னைக் கேலி செய்தவர்களும் இந்த மலரை வாசிப்பார்கள்.

பதினெட்டு நாளில் நூற்று நாற்பத்தாறு சொற்கள் எழுதினேன். வெஞ்சனம், சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது. மங்கு, பீங்கான் பூசிய தகரத் தட்டும் கிண்ணமும். கொட்டான், பனையோலையில் முடைந்த சின்னப் பெட்டி. நடையன், காலில் போடும் செருப்பு. கும்மாயம், உளுந்து மாவைக் கருப்பட்டியும் நெய்யும் விட்டுக் கிளறியது. இப்படியே போனது. நூற்று நாற்பத்தேழாவதாகச் சீனி என்று எழுதினேன். எதிரே பொருள் எழுத முடியவில்லை. நான்கு நாளாக உட்கார்ந்து பார்த்துவிட்டேன். முதுகு வலிக்கிறது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் நேரமும் இரண்டு முறை தவறிவிட்டது. ஆகவே பட்டியல் வராது. அதற்குப் பதிலாக இதை அனுப்புகிறேன். நான்கு பக்கத்துக்கு இதுவும் வரும்.

காலையில் நம்மோடு நடக்க வருகிறவர்கள் பதினோரு பேர். அவர்களில் எட்டுப் பேர் சுகர் மாத்திரை விழுங்குகிறோம். சுகர், சர்க்கரை, சீனி என்ற மூன்றும் ஒரே பொருளைத்தான் குறிக்கும் என்று இன்றைக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது எனக்கு அது தெரியாது.

உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது நம் வீடுகளில் சர்க்கரை என்றால் கரும்பிலிருந்து காய்ச்சி எடுத்த பழுப்புத் தூள். ஈரமாக, கையில் ஒட்டும், மண்பானையில் இருக்கும். பொங்கலுக்குப் போடுவது அது. சீனி என்றால் வெள்ளை. ரேஷன் கடையில் வரும், மணல்மணலாக இருக்கும், விருந்தாளிக்குக் கொடுக்கும் காப்பியில் மட்டும் போடுவார்கள். இரண்டையும் ஒரே பொருளாக யாரும் நினைத்ததில்லை. இரண்டுக்கும் வேறு வேறு பாத்திரம், வேறு வேறு அலமாரி.

எங்கள் ஊர் கோட்டையூரிலிருந்து நடக்கிற தூரம். வீட்டில் ஏழு பேர். பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகளான அக்கா, அப்பா, அம்மா, நான், தம்பி. பெரியப்பாவிடம் இரட்டை மாட்டு வண்டி இருந்தது. கோட்டையூர்ப் பெரிய வீடுகளுக்கு விறகும் வைக்கோலும் ஏற்றிப்போவார். வண்டியில் பாரம் இருந்தால் அவர் உட்காரமாட்டார். மாட்டோடு கூடவே நடப்பார். நல்ல உயரம். அவர் பக்கத்தில் நின்றால் வைக்கோல் வாசனையும் வண்டி மசகு வாசனையும் சேர்ந்து வரும். பெரிய வீட்டு ஆச்சிமார்கள் விசேஷத்துக்குச் செய்த பலகாரத்தில் அவருக்கென்று ஒரு கொட்டான் எடுத்துவைப்பார்கள். அது வீட்டுக்கு வந்து சேரும்போது எப்போதும் முக்கால்தான் இருக்கும். மாடு தின்றுவிட்டது என்பார். இனிப்பு என்றால் அவருக்கு உயிர். வீட்டில் அத்தனை பேருக்கும் அது தெரியும். பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுவும் ஒரு காரணம்.

அறுபதுகளின் கடைசி. அந்த வருஷம் ஆடியில் அவர் இளைக்க ஆரம்பித்தார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஓயாத தாகம். அவர் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்று பெரியம்மா அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னதை நான் கேட்டேன். காரைக்குடிக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்திருந்தார். மெட்ராஸ் பக்கத்துக்காரர். இளவயது, பொறுமைசாலி. அப்பாவும் பெரியப்பாவும் கையெழுத்து மட்டும் போடுவார்கள். ஆகவே படிப்பதற்காக என்னையும் பஸ்ஸில் கூட்டிப்போனார்கள்.

டாக்டர் ரத்தமும் நீரும் எடுத்துச் சோதித்தார். இது சர்க்கரை வியாதி, மாத்திரையை விடக்கூடாது, இனிமேல் சர்க்கரையைத் தொடவே கூடாது என்று சொன்னார். பெரியப்பா ஒவ்வொன்றுக்கும் சரிங்கய்யா என்றார். மறந்துவிடுவார்கள் என்று நினைத்தோ என்னவோ, டாக்டர் ஒரு சீட்டில் தமிழில் மூன்று வரி எழுதி அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

அன்று மாலை அடுப்படிக்கு வெளியே எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றுகொண்டு வாசித்தேன். ஒன்று, சர்க்கரை அறவே கூடாது. இரண்டு, சோறு குறைக்கவும். மூன்று, மாத்திரை காலை ஒன்று, மாலை ஒன்று.

பெரியம்மாதான் முதலில் கேட்டார். சர்க்கரை கூடாதென்றால் கருப்பட்டி?

"கருப்பட்டி சர்க்கரைக்குப் பங்காளி மதினி. ரெண்டும் வேணாம்" என்றார் அப்பா.

"அப்பச் சீனி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பதினோரு வயது. அந்த வீட்டில் அதுவரை யாரும் என் வாயைப் பார்த்துக் காத்திருந்ததில்லை. நான் விரலை வைத்து மறுபடியும் மூன்று வரியையும் வாசித்தேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை.

"சர்க்கரைன்னுதான் போட்டிருக்கு. சீட்டுல சீனின்னு போடலை" என்றேன்.

பெரியப்பா சிரித்தார். "சீனி சீமைக்காரன். அவனுக்கும் நம்ம சர்க்கரைக்கும் என்னடா ஒறவு?"

"படிச்ச பிள்ளை சொல்லுது. சீனி குடுங்க மதினி" என்றார் அப்பா.

இவ்வளவுதான். இதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தார்கள். சர்க்கரையில் அழுக்கு இருக்கிறது, அது சூடு, பானையில் புளித்துப்போகிறது, அதனால் ரத்தம் கெடுகிறது என்று அப்பா காரணம் கண்டுபிடித்தார். சீனி மிஷினில் சுத்தம் செய்து வருவது, வெள்ளைக்காரர்கள் சாப்பிட்டது, ஆஸ்பத்திரியில் ஏற்றும் குளுக்கோஸும் அதே நிறம்தானே என்றார் அம்மா. எல்லாம் பொருத்தமாகவே இருந்தது. தப்பான காரணங்கள் இவ்வளவு பொருத்தமாக அமையும் என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது. எழுபதை நெருங்கும் இந்த வயதிலும் எனக்கு அதில் ஆச்சரியம் தீரவில்லை.

மறுநாள் பெரியம்மா சர்க்கரைப் பானையைக் கழுவிக் கவிழ்த்தார். கருப்பட்டியை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். பெரியப்பா பார்த்து ஏங்கக் கூடாது என்று வீட்டில் பணியாரம் சுடுவதும் நின்றது. ஆச்சி வீட்டிலிருந்து கும்மாயம் வந்தபோது பெரியப்பா கொட்டானைத் திறந்து ஒரு தடவை முகர்ந்துவிட்டுத் தம்பியிடம் கொடுத்தார். அந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்துப் பெரியம்மாவுக்குக் கண் கலங்கியது. இவ்வளவையும் விட்டவருக்குச் சீனியிலாவது குறை வைக்கக்கூடாது என்று எல்லோருக்கும் தோன்றியது.

ரேஷன் அட்டையில் ஏழு பேர். ஏழு பேருக்கும் வரும் சீனி முழுவதும் பெரியப்பாவுக்கு என்று முடிவானது. மற்ற ஆறு பேரும் கடுங்காப்பியை அப்படியே குடித்தோம். தம்பி மட்டும் இரண்டு நாள் அழுதான். ரேஷன் கடையில் வரிசையில் நிற்பது என் வேலை. தெருவிலும் விஷயம் பரவியது. நான்கு வீட்டார் தங்கள் சீனியில் ஆளுக்கொரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார்கள். கோட்டையூர்ப் பெரிய வீட்டு ஆச்சி ஒரு தகர டின் நிறையச் சீனி அனுப்பினார். பர்மாவிலிருந்து வந்த பிஸ்கட் டின் அது. மூடியில் ஒரு பாய்மரக் கப்பல் இருந்தது. சர்க்கரை ஆகாதென்றால் சீனியாவது போட்டுக் குடிக்கட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். அந்த டின்னைப் பின்னால் வெகுநாள் தேடினேன். யார் எடுத்துப்போனார்களோ, தெரியவில்லை.

இருப்பு முறையாக வரவேண்டும் என்பதால் கரண்டியை எண்ணும் பொறுப்பை அப்பா எனக்குக் கொடுத்தார். நான் எண்ணினேன். காப்பி மூன்று வேளை, வேளைக்கு மூன்று கரண்டி. வழக்கம் இரண்டுதான், சீனிக்கு இனிப்புக் குறைவு என்பதால் ஒன்று கூட்டி மூன்று. ராத்திரிப் பாலுக்கு ஒரு கரண்டி. தாகம் அடங்கவில்லை என்பதால் பெரியம்மா காலையிலும் மதியத்திலும் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார்; அதற்கு இரண்டிரண்டு. ஆக ஒரு நாளைக்குப் பதினான்கு. கூடவுமில்லை, குறையவுமில்லை. பழைய நோட்டின் கடைசித் தாளில் நாள்வாரியாகக் கோடு போட்டுவைத்திருந்தேன்.

ஒரு நாள் நான் ஒரு கரண்டி திருடினேன். அம்மா குளிக்கப் போயிருந்தார். டின்னைத் திறந்து வாயில் கொட்டிக்கொண்டு நிமிரும்போது வாசற்படியில் அப்பா நின்றார். என் வாழ்நாளில் அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். புளிய விளாறால் முழங்காலுக்குக் கீழே ஐந்து அடி.

"அது பெரியப்பா உசுருடா. அதுலயாடா கை வைக்கிறே?"

அடித்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய் அங்கேயே வெகுநேரம் இருந்தார். நான் வாயில் மிச்சமிருந்த இனிப்பை விழுங்காமல் துப்பினேன். எண்ணிப்பார்த்தால் அந்தப் பருவத்தில் பெரியப்பாவுக்கு நான் செய்த ஒரே உபகாரம் அந்த ஒரு கரண்டிதான்.

மாத்திரை தவறாமல் போனது. முதல் மாதம் சற்றுத் தெளிச்சியாகக்கூட இருந்தார். பிறகு தாகம் மறுபடி கூடியது. ஒரு நாளைக்குப் பதினோரு செம்புத் தண்ணீர். மாத்திரைச் சூடு என்று சொல்லிப் பெரியம்மா எலுமிச்சைச் சாற்றை மூன்று வேளை ஆக்கினார். கணக்குப் பதினாறாயிற்று. ரேஷனில் எடுத்தது போதாமல் அம்மா தன் தம்பி வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

ஐப்பசி மழையில் பழைய நடையன் அறுந்துபோனது. காரைக்குடியில் புது ஜோடி தைத்து வாங்கினார். புதுத்தோல், வார் கட்டைவிரலின் பக்கத்தில் கடித்தது. சின்னக் கொப்புளம்தான். அவர் அதைச் சட்டை செய்யவில்லை. வலியே தெரியவில்லை என்றார். வலி தெரியாதது நல்லது என்று நாங்கள் நினைத்தோம். சேற்றில் வண்டியோடு நடந்தார். மஞ்சள் வைத்துக் கட்டினார்கள். வேப்பெண்ணெய் தடவினார்கள். இருபத்தாறு நாள் ஆயிற்று, புண் ஆறவில்லை. கட்டைவிரல் கருத்து, அதற்கு அடுத்ததும் கருத்தது. வீட்டுக்குள் நுழைந்ததுமே வாடை தெரிந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசாமல் சாம்பிராணி போட்டார்கள்.

காரைக்குடி டாக்டர் ஊருக்குப் போயிருந்தார். ஆகவே மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே போர்டுகளைப் படிக்க நானும் வேண்டியிருந்தது. பெரியம்மா பெரியப்பாவின் கட்டிலருகே இருந்துகொண்டார். அப்பாவையும் என்னையும் ஒரு வயதான டாக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். சட்டைப்பையில் இரண்டு பேனா. தென்னாட்டுப் பேச்சு. காலை எடுக்கவேண்டியிருக்கும், முழங்காலுக்குக் கீழே, என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டு கேட்க ஆரம்பித்தார்.

"சர்க்கரை சேக்குறாரா?"

"ஆடி மாசத்துலேர்ந்து கையால தொடலைங்க. கருப்பட்டியும் நிப்பாட்டியாச்சு."

"காப்பிக்கு?"

"காப்பிக்குச் சீனிதாங்க. வீட்டுல அத்தனை பேரு பங்கும் அண்ணனுக்குத்தான் போகுது."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "எவ்வளவு போகுது?"

அப்பா என்னைப் பார்த்தார். எனக்குப் பதில் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான். "ஒரு நாளைக்குப் பதினாறு கரண்டி. முன்னாடி பதினாலு" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, முதலில் பார்த்த டாக்டர் எந்த ஊர்க்காரர், என்ன சொன்னார் என்று கேட்டார். மெட்ராஸ் பக்கம், சர்க்கரை கூடாதென்று சீட்டு எழுதிக் கொடுத்தார் என்றார் அப்பா. டாக்டர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"எங்க அம்மாவும் சீனின்னுதான் சொல்லும்" என்றார். "மெட்ராஸ் பக்கத்துல சீனியைத்தான் சர்க்கரைன்னு சொல்வாங்க. அவர் கூடாதுன்னு எழுதினது உங்க சீனியை."

அப்பாவுக்கு உடனே புரியவில்லை. அப்படியானால் நம்ம சர்க்கரை, என்று தொடங்கினார். அதுவும்தான் என்றார் டாக்டர். இரண்டும் ஒன்றுதான். பிறகு தணிந்த குரலில், கால் போவதற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, எத்தனையோ பேர் ஒன்றும் சாப்பிடாமலேயே இப்படி வருகிறார்கள் என்றார். அது உண்மையா, எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னதா என்று எனக்கு இன்றும் தெரியாது. பின்னாளில் மூன்று டாக்டர்களிடம் கேட்டுவிட்டேன். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள்.

நடையின் கோடியில் ஒரு குழாய் இருந்தது. அப்பா அதைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். பின்னால் இரண்டு பேர் குடத்தோடு நின்றார்கள். பிறகு மேல்துண்டால் துடைத்துக்கொண்டு என் பக்கமாகக் குனிந்தார்.

"மதினி கையால கலக்கிக் குடுத்திருக்காக. தெரிஞ்சாத் தாங்க மாட்டாக. யாருட்டயும் மூச்சு விடாதே. சரியா?"

சரி என்றேன்.

கட்டிலருகே போனதும் அவர் பெரியம்மாவிடம் சொன்னார், பெரிய டாக்டர் மருந்தை மாற்றியிருக்கிறார், இந்தப் புது மருந்துக்குச் சீனியும் சேராதாம், இனிமேல் அதையும் நிறுத்திவிட வேண்டும் என்று. பெரியம்மா, அதுவும் போச்சா என்று மட்டும் கேட்டார். பெரியப்பா கண்ணைத் திறக்காமலேயே, சரி விடு, அதையும்தான் பார்ப்போம் என்றார்.

காலை எடுத்தார்கள். பத்தொன்பது நாள் கழித்து ஊருக்கு வந்தோம். வந்த இரண்டாம் நாள், சும்மா எதையோ தேடும்போது, ரேஷன் அட்டை கையில் கிடைத்தது. அரிசி, கோதுமை என்று கட்டம் போட்டு அச்சடித்திருந்தார்கள். மூன்றாவது கட்டத்தின் தலையில் சர்க்கரை என்று இருந்தது. அதற்குக் கீழேதான் கடைக்காரர் நாங்கள் வாங்கிய சீனியின் அளவைப் பேனாவால் எழுதி எழுதித் தந்திருந்தார். மாதத்துக்கு இரண்டு முறை அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவன் நான். அந்தக் கட்டத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எழுத்தைப் பார்த்ததில்லை. எண் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

அட்டையை அப்பாவிடம் காட்டவில்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அந்தத் தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டில் வெண்பொங்கல் மட்டும். வண்டியையும் மாட்டையும் வேறொருவர் விலைக்கு வாங்கி ஓட்டிப்போனார். பெரியப்பா கொட்டகையில் கயிற்றுக்கட்டிலில் இருந்தபடி ஊரார் மாடுகளுக்குக் கயிறு திரித்தார். பேச்சு மட்டும் குறையவில்லை. செருப்புத் தைக்கிறவரிடம் போய் இனி ஒற்றையாகத் தைத்துக் கொடுக்கச் சொல், கடிக்கிற காலைத்தான் விட்டுட்டு வந்தாச்சே என்று என்னிடம் சொல்வார். நான் சிரிக்காவிட்டால் அவருக்குக் கோபம் வரும். அதனால் சிரிப்பேன். அப்பா அந்த இடத்தைவிட்டு எழுந்துபோவார். தமையனுக்கு இப்படி ஆனதைத் தாங்கமுடியவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அப்பா அவரிடம் முகம் கொடுத்துப் பேசி யாரும் பார்த்ததில்லை. ஆனால் கக்கூஸுக்குத் தூக்கிப்போவதும் குளிப்பாட்டுவதும் அவர்தான். வேறு யாரையும் விடமாட்டார். இதை ஒரு வகை முரட்டுத்தனம் என்றே நானும் நினைத்தேன். அது என்னவென்று புரிந்தபோது அதைச் சொல்லிக் கேட்பதற்கு அப்பா இல்லை.

பெரியப்பா அதற்குப் பிறகு நான்கு வருஷமும் இரண்டு மாதமும் இருந்தார். அவர் போனதும் கேதம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் பெரியம்மா ஒன்றையே சொன்னார். சர்க்கரையை இந்த வீட்டுக்குள்ளேயே விடவில்லை, சீனிதானே கொடுத்தேன், அதுவும் ஆகாது என்று சொன்ன நாளிலிருந்து அதையும் நிறுத்திவிட்டேனே, என்ன குறை வைத்தேன் என்று. கேட்டவர்கள் ஒரு குறையும் இல்லை ஆத்தா என்றார்கள். முதல் நாளில் இதை அவர் பதினேழு தடவை சொன்னார். அப்பா பந்தலுக்கு வெளியே நின்றிருந்தார்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம், மெட்ராஸில் குடியிருந்த அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. பெரியம்மா துணைக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தார். வந்த பிறகு பேச்சுக் குறைந்துபோயிற்று. பயணக் களைப்பு என்றார் அம்மா. பட்டணத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் அப்பா. நான் விடுமுறைக்கு வந்திருந்த ஒரு முற்பகலில் பெரியம்மா உளுந்தை முறத்தில் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அருகில் யாரும் இல்லை. முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

அக்காவுக்குப் பிள்ளை பெற்ற உடம்புக்கு மருந்து கிளற வேண்டியிருந்ததாம். தெருமுனைக் கடைக்கு அவரே போய் அரைக் கிலோ சர்க்கரை கேட்டிருக்கிறார்.

"அவன் சீனியை நிறுக்குறான். ஏய்யா, நான் கேட்டது சர்க்கரை, நீ சீனியைப் போடுறேன்னேன். இதாம்மா சர்க்கரை, சீனின்னா இன்னாங்குறான். பக்கத்துல நின்ன பொம்பளைகளும் அதையேதான் சொல்றாக. அங்குட்டு ஊரு பூராச் சீனியைச் சர்க்கரைன்னுதான் சொல்றாக."

அவர் ஒரு கல்லை எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு இன்னொன்று.

"அந்தக் காரைக்குடி டாக்டரும் அங்குட்டுக்காரருதானே?"

"ஆமா பெரியம்மா."

முறத்தைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். அழுவார் என்று பயந்தேன். அழவில்லை.

"இது ஒங்க அப்பாருக்குத் தெரியுமாய்யா?"

"தெரியாது பெரியம்மா."

"நெசமாத்தானே?"

"நெசமா."

"அப்பச் சொல்லிராதே. அண்ணனுக்குன்னு அலைஞ்சு அலைஞ்சு சேத்துக் குடுத்தாக. தெரிஞ்சாத் தாங்க மாட்டாக."

சரி என்றேன். மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அப்பா ஒன்பது வருஷம் இருந்தார். பெரியம்மா அவருக்குப் பின் மூன்று வருஷம். ஒன்பது வருஷமும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிட்டார்கள். மற்றவருக்குத் தெரியாது என்று இருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். மதினிக்குத் தெரியாமலிருக்க அப்பா பேச்சை மாற்றுவதையும், கொழுந்தனாருக்குத் தெரியாமலிருக்க பெரியம்மா பேச்சை மாற்றுவதையும் நான் பார்த்திருக்கிறேன். நான் வாயைத் திறந்திருந்தால் இருவரும் ஒரு நாள் உட்கார்ந்து சேர்ந்து அழுதிருப்பார்களோ என்னவோ. இருவருக்கும் சரி என்று சொல்லியிருந்தேன்.

அன்று அடுப்படிக்கு வெளியே நின்று அந்தச் சீட்டைப் படித்துச் சொன்னது யார் என்ற பேச்சை, இருவரில் ஒருவர்கூட, ஒருநாளும் என்னிடம் எடுக்கவில்லை.